ஊர்வனவும் நோவும்

நோவு என்பது உயிருள்ளவற்றுக்கெல்லாம் பொது என்று சொல்லுதல் எளிது. ஆனால், நோவுற்றிருக்கும் உயிரை இன்னதென்று கண்டறிதல் அத்துணை எளிதன்று. கால் முறிந்த நாய் ஊளையிடுகின்றது. கன்றை இழந்த பசு கதறுகின்றது. காய்ச்சலுற்ற குழந்தை அழுது அறிவிக்கின்றது. இவற்றின் துன்பத்தை அறிவதற்கு வைத்திய நூற் பயிற்சி வேண்டுவதில்லை. கேட்கும் செவி இருந்தாற் போதும். ஆமைக்கும் பாம்புக்கும் ஓணானுக்கும் இவ்வாய்ப்பு இல்லை. அவை அழுவதில்லை, முகஞ் சுளிப்பதுமில்லை. ஓடு பிளந்த ஆமை ஓசையின்றி ஒரு மூலையிற் கிடக்கும். அதனைப் பார்ப்பவர், இதற்கு நோவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகின்றனர்.

இம்முடிவு பிழையானது. அப்பிழையினால் எண்ணற்ற உயிர்கள் வீணே வருந்தியுள்ளன என்பதை இன்றைய மிருக வைத்திய விஞ்ஞானம் தெளிவாக்கியுள்ளது. சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஊர்வனவற்றின் நோவை எவ்வாறு அறிவது, அறிந்தபின் எவ்வாறு தணிப்பது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இஃது எங்கோ தொலைதேசத்து மிருகக்காட்சிச்சாலைக்கு மட்டும் உரிய செய்தி என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இலங்கைத் தீவில் 200க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் வாழ்கின்றன. உலகத்துக் கடலாமை இனங்கள் ஏழனுள் ஐந்து இத்தீவின் கரைகளுக்கு வந்து முட்டையிடுகின்றன. மீன்வலையிற் சிக்கி முன்துடுப்பு அறுபட்ட கடலாமையும், விசைப்படகின் சுழலி பட்டு ஓடு பிளந்த கடலாமையும், தூண்டில் முள்ளை விழுங்கிய கடலாமையும் கரையோர மக்கள் கண்டறியாதவை அல்ல. வரண்ட வலயத்துப் புற்றரைகளில் வாழும் நட்சத்திர ஆமை காட்டுத் தீயிற் கருகுவதும், தெருவைக் கடக்கையில் வாகனத்தின் கீழ் அகப்படுவதும் உண்டு. இவற்றுட் சில உயிர் தப்பி மிருக வைத்தியரின் மேசைக்கு வந்து சேருகின்றன.

இந்த மேசைக்கு வருமுன், பழைய காலத்துக் காட்சியொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1845ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் குடியேற்றச் செயலாளராகக் கடமையாற்றிய சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் என்பவர், 1859இல் இத்தீவைப் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் கடலாமையின் இறைச்சி, ஆமை உயிரோடிருக்கும்போதே துண்டு துண்டாக அரிந்து விற்கப்பட்ட கொடுமையை அவர் அருவருப்போடு எழுதி வைத்துள்ளார். வாங்கியவரும் விற்றவரும் இயல்பிலே கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தம் வீட்டு மாடு நொண்டினால் மனம் பதைக்கும் மக்களே அவர்கள். ஆமை கதறவில்லை, ஆகவே அதற்கு நோவில்லை என்று அவர்கள் கருதியிருத்தல் வேண்டும். இன்று கடலாமையைப் பிடிப்பதும் கொல்வதும் இந்நாட்டுச் சட்டத்தினால் தடுக்கப்பட்ட குற்றங்கள். சட்டம் மாறிவிட்டது. ஆனால் அக்கருத்து முற்றாக மாறிவிட்டதா என்பது ஆராயவேண்டியதே.

ஊர்வனவற்றுக்கு நோவில்லை என்னும் எண்ணம் எதனால் வேரூன்றியது? காரணங்கள் மூன்று.

முதலாவது, மேலே சொன்ன அவற்றின் மௌனம். காட்டில் வாழும் சிறு பிராணிக்குத் தன் தளர்ச்சியை வெளிக்காட்டுதல் ஆபத்தானது. நொண்டுவதைக் கண்டாற் பருந்து பாயும், நரி தொடரும். ஆகவே துன்பத்தை மறைத்தல் அதற்கு உயிர்காக்கும் கவசமாகிவிட்டது. மறைக்கப்பட்ட நோவை இல்லாத நோவென்று எண்ணுதல் அறியாமையாகும்.

இரண்டாவது, ஊர்வனவற்றின் உடல் காயத்தைத் தாங்கி நீடிக்கும் வியத்தகு ஆற்றல். ஒட்சிசன் இன்றியும் அவற்றின் மூளையும் இதயமும் நெடுநேரம் தொழிற்படவல்லவை. தலை வெட்டுண்ட பாம்பின் உடல் நெளிகின்றது. வெட்டுண்ட தலையும் கடிக்க வாய் திறக்கின்றது. இதனைக் கண்டோர், இவ்வளவும் பட்டும் அசைகின்ற பிராணிக்கு உணர்ச்சி மரத்துத்தான் இருக்கும் என்று கொண்டனர். உண்மையோ அதற்கு நேர் எதிரானது. மனிதன் சில கணங்களில் நினைவிழக்கும் நிலையில், ஆமை நினைவிழக்காமல் நெடுநேரம் கிடக்கலாம். அதனாலேயே தலையை வெட்டுதல் மட்டும் ஊர்வனவற்றுக்கு இரக்கமுள்ள முடிவாகாது என்று மிருக வைத்திய நூல்கள் இன்று விதிக்கின்றன.

மூன்றாவது, குளிர்ந்த குருதிப் பிராணி என்னும் பெயரே விளைத்த மயக்கம். ஊர்வனவற்றின் குருதி எப்போதும் குளிர்ந்திருப்பதன்று. அவை தம் உடலின் வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறுகின்றன. வெயில் காயும் ஓணானின் உடல் மனித உடலளவுக்கு வெம்மையாயிருத்தல் கூடும். எனினும், குருதி குளிர்ந்ததென்றால் உணர்ச்சியும் குளிர்ந்ததே என்னும் எண்ணம், சொல்லோடு சொல்லாய் மக்கள் மனத்திற் புகுந்துவிட்டது.

இம்மயக்கம் வைத்தியத்தையும் விட்டுவைக்கவில்லை. பாம்பையோ ஆமையையோ பனிக்கட்டியிற் கிடத்தி, அது விறைத்து அசைவற்ற பின் கத்தியை வைக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. குளிரினால் உடல் அசையாதிருக்கும் என்பது மெய்யே. ஆனால் அசையாமை வேறு, உணராமை வேறு. குளிரூட்டலை மயக்க முறையாகக் கொள்வதை இன்றைய மிருக வைத்தியம் கைவிட்டுவிட்டது. அது நோவை நீக்குவதென்று கொள்ள ஆதாரமில்லை. அதன்மேல், காயம் ஆறுவதையும் நோயெதிர்ப்பையும் அது குன்றச் செய்கின்றது.

மிருகங்களின் நிலைதானே என்று இதனைப் பழிப்பதற்கு முன், மனிதக் குழந்தைகளின் கதையையும் கேட்டல் நன்று. பிறந்த சில நாட்களேயான பச்சிளங் குழந்தைகளுக்கு நோவுணர்ச்சி முதிரவில்லை என்று கருதி, மிகக் குறைந்த மயக்கமருந்தோடும், சிலவேளை தசைகளை அசையாமற் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்தும் சத்திரசிகிச்சை செய்யும் வழக்கம் மேலைநாட்டு வைத்தியசாலைகளில் 1980களிலும் இருந்துவந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தக்க நோநீக்கி மருந்து கொடுத்தபோது, சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியும் பின்னர் நேரும் இடர்களும் குறைந்தன என்று இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்டில் நிகழ்ந்த ஆய்வொன்று 1987இல் வெளிவந்தது. அதன் பின்னரே அவ்வழக்கம் விரைந்து மாறலாயிற்று. வாய்திறந்து அழவல்ல குழந்தையின் நோவையே ஐயுற்ற உலகம், வாய்திறவாத ஆமையின் நோவை ஐயுற்றதில் வியப்பென்ன?

இனி, ஊர்வனவற்றுக்கு நோவுண்டு என்பதற்குச் சான்று யாது என்று கேட்கலாம். தோலிலும் தசையிலும் என்பிலும், தீங்கு விளைக்கும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் அவற்றுக்கு உள்ளன. அவ்வுணர்வை முண்ணாண் வழியாக மூளைக்குக் கொண்டுசெல்லும் பாதைகளும் உள்ளன. அபினியிலிருந்து கிடைக்கும் மோபின் போன்ற மருந்துகள் சென்று பற்றும் வாங்கிகள் மனிதனின் நரம்புத் தொகுதியில் இருப்பதுபோலவே ஊர்வனவற்றிலும் இருக்கின்றன. இம்மருந்துகளைக் கொடுத்தால், சுடும் பொருளிலிருந்து அவை காலை இழுத்துக்கொள்ள எடுக்கும் நேரம் நீளுகின்றது. நோவைக் குறைக்கும் பொறி ஓர் உடலிலே அமைந்திருக்குமாயின், குறைக்கப்படவேண்டிய நோவும் அங்கே இருத்தல் வேண்டுமன்றோ?

நோவினை ஆராயும் சருவதேசச் சங்கம், நோவுக்குத் தான் முன்னர் வகுத்த வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியமைத்தது. நோவைச் சொல்ல இயலாமை, ஒரு மனிதனோ ஒரு விலங்கோ நோவை அனுபவிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்னும் கருத்தை அத்திருத்தத்தின் விளக்கக் குறிப்பிற் சேர்த்தது. மனிதனுக்கு எது நோவைத் தருமோ, அது ஊர்வனவற்றுக்கும் நோவைத் தரும் என்றே கொண்டு சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்பது இன்றைய மிருக வைத்தியரின் நடைமுறை விதி.

ஆமையின் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லுதல் பொருந்தும். ஓடு என்பது ஆமை அணிந்திருக்கும் சட்டையன்று. அதன் உடம்பின் ஒரு கூறு. மேலே நகம் போன்ற செதிற் படை. அதன்கீழ் உயிருள்ள என்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அவ்வோட்டோடு ஒன்றாய் இணைந்தவை. அதிலே குருதிக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. ஓட்டிலே துளையிட்டுக் கயிறு கட்டி ஆமையை வளர்ப்போர், உயிருள்ள என்பையே துளைக்கின்றனர். ஓடு பிளந்த ஆமை, என்பு முறிந்த மனிதன் படும் பாட்டைப் படுகின்றது என்று கொள்வதே முறை.

ஊர்வனவற்றுக்குச் சத்திரசிகிச்சை வேண்டப்படும் சந்தர்ப்பங்கள் பல. பிளந்த ஓட்டைப் பொருத்துதல், அழுகிய துடுப்பை அகற்றுதல், விழுங்கிய தூண்டில் முள்ளை எடுத்தல், வயிற்றினுள் தங்கிவிட்ட முட்டைகளை வெளியேற்றுதல், ஆமையின் சிறுநீர்ப்பையில் உண்டாகும் கல்லை எடுத்தல் என்பன அவற்றுட் சில. ஊர்வனவற்றின் சீழ் மனிதரின் சீழைப்போல் நீராய் வடிவதில்லை. பாற்கட்டி போல் இறுகிவிடும். ஆதலால், மனிதருக்குக் கீறிவிட்டால் ஆறும் கட்டியை, ஆமைக்கு வெட்டியே எடுக்கவேண்டியுளது. இத்தகைய சிகிச்சை ஒவ்வொன்றின் பின்னும் நோவு உண்டு.

அந்நோவை அறியும் வழிகளைப் பார்ப்போம். தலையாய விதி ஒன்றுண்டு. நோயுற்ற பிராணியை அறியவேண்டுமாயின், நலமுற்றிருந்த அப்பிராணியை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அது நாளில் எப்பொழுது வெயில் காயும், எவ்வளவு உண்ணும், எந்த மூலையில் உறங்கும், கையிலெடுத்தால் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே குறித்துவைத்தல் நன்று. வகுப்பில் எந்நேரமும் கலகலப்பாயிருக்கும் பிள்ளை ஒருநாள் வாய்மூடியிருந்தால், ஏதோ நேர்ந்துவிட்டதென்று ஆசிரியர் உணர்கின்றார். இயல்பிலே அமைதியான பிள்ளையின் மௌனம் அவ்வாறு எதனையும் உணர்த்துவதில்லை. ஊர்வனவற்றிலும் அப்படியே. மாற்றமே அறிகுறி.

இரண்டாவது விதி, பார்ப்பவர் தம்மை மறைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது. மனிதனைக் கண்டவுடன் ஊர்வன அசைவற்றுவிடும். அல்லது ஒன்றும் நேராததுபோல் நிமிர்ந்து நிற்கும். இரண்டும் பகையைக் கண்ட நடிப்பே. ஆகவே மறைவிலிருந்தோ, கூட்டின் எதிரே வைத்த சிறு ஒளிப்படக் கருவியின் துணைகொண்டோ, யாரும் இல்லாதபோது அது என்ன செய்கின்றதென்று நோக்குதல் வேண்டும்.

இனிக் குறிகளைக் கூறுவோம். எல்லா இனங்களிலும் பொதுவாய்க் காணப்படுவது உணவை மறுத்தல். நோவுற்ற பிராணி வழக்கமாய் வெயில் காயும் இடத்துக்குப் போகாது, ஒளிந்தே கிடக்கும். கண்களைப் பகலிலும் மூடியிருக்கும். வெட்டுக் காயத்தைத் தரையிலோ கூட்டுச் சுவரிலோ உரசும். சிலவேளை அதனைக் கடிக்கவும் முயலும். சாதுவாயிருந்த பிராணி தொட்டவுடன் சீறும்; இயல்பிலே சீறுகின்ற பிராணி தொட்டும் சீறாமற் கிடக்கும். பின்னதைக் கண்டு, அடங்கிவிட்டது என்று மகிழ்தல் கூடாது. அஃது அடக்கமன்று, சோர்வு.

பல்லி, ஓணான், உடும்பு முதலிய காலுள்ள ஊர்வன நோவுற்றால் முதுகைக் கூனிக்கொள்ளும், வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளும், நோவுள்ள காலை ஊன்றாது தூக்கி வைக்கும். நிறம் மாறும் இயல்புள்ள பச்சோந்தி போன்றவற்றின் தோல் கருமை அடையலாம். ஆனால் அச்சத்தாலும் குளிராலுங்கூட நிறம் கருக்குமாதலின், இக்குறியைத் தனியே எடுத்து முடிவு செய்யலாகாது.

பாம்பை நோக்குதல் இன்னும் நுட்பமானது. நலமுள்ள பாம்பு தளர்வாகச் சுருண்டு கிடக்கும். வயிற்றிலே வெட்டுப்பட்ட பாம்பு, தைத்த இடத்தை வளைக்காது அப்பகுதியை மட்டும் நேராக நீட்டி வைத்துக்கொள்ளும்; அல்லது அவ்விடத்துத் தசைகளை இறுக்கிக்கொள்ளும். கையிலெடுத்தால் வழக்கம்போல் நாவை நீட்டிச் சூழலை முகராது. மெல்ல விரலால் தடவும்போது குறித்த ஓரிடத்தில் மட்டும் துள்ளி விலகுமாயின், நோவின் இருப்பிடம் அதுவே.

ஆமையோ தலையையும் காலையும் உள்ளிழுத்துக்கொள்ளும். அல்லது அதற்கு மாறாகக் கழுத்தை வெளியே நீட்டியபடி தளர்ந்து கிடக்கும். நீராமை நீரில் ஒரு பக்கம் சரிந்து மிதக்கலாம். ஆனால் நுரையீரல் நோயிலும் இவ்வாறு நிகழும். கடலாமை காயமுற்ற துடுப்பை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு மற்றவற்றால் மட்டும் நீந்தும். அடக்கத்துக்கு ஆமையை உவமை கூறுதல் தமிழ் மரபு. ஐம்புலனையும் உள்ளடக்கிய ஞானியைப் போன்றது ஆமை என்பர் பெரியோர். ஆனால் சத்திரசிகிச்சைக்கு மறுநாள் ஓட்டினுள் ஒடுங்கிக் கிடக்கும் ஆமையைக் கண்டு மிருக வைத்தியர் அவ்வுவமையை நினைத்து அமைதி கொள்வாராயின், அந்த ஆமைக்கு நேரும் கதி இரங்கத்தக்கது.

நோவை அறிந்தபின் தணிக்கும் வழிகளைக் கூறவேண்டும். நோ பிறந்தபின் அதனைத் துரத்துவதிலும், பிறக்குமுன் வாயிலை அடைப்பதே மேல். ஆகவே கத்தி வைப்பதற்கு முன்னரே நோநீக்கி மருந்தைக் கொடுத்தலும், ஒரே மருந்தைப் பெருமளவிற் கொடாது, வெவ்வேறு வழிகளில் தொழிற்படும் மருந்துகளை அளவாய்ச் சேர்த்துக் கொடுத்தலும் இன்றைய முறையாகும்.

எந்த மருந்து என்பதிலேதான் பெரும் பாடமொன்று புதைந்து கிடந்தது. மிருக வைத்தியர்கள் பல்லாண்டு காலமாக ஊர்வனவற்றுக்குப் பியூட்டோபனோல் என்னும் மருந்தையே பெரிதும் கொடுத்துவந்தனர். அது பறவைகளுக்குப் பயன்பட்டமையால் ஊர்வனவற்றுக்கும் பயன்படும் என்று நம்பினர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நம்பிக்கையைச் சோதித்தனர். செல்லப்பிராணி வணிகத்தால் உலகெங்கும் பரவிய செங்காது ஆமையே சோதனைக்குரிய பிராணி. காலின்கீழ் வெப்பம் படும்போது ஆமை எவ்வளவு நேரத்திற் காலை இழுக்கின்றதென்று அளந்தனர். 2007இல் வெளிவந்த முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. பியூட்டோபனோல் ஆமைக்கு நோவைத் தணிக்கவில்லை. மோபின் தணித்தது, பல மணி நேரம் தணித்தது. ஆனால் மோபின் பெற்ற ஆமைகளின் சுவாசம் வெகுவாகக் குறைந்துபோயிற்று.

அதற்கடுத்த ஆண்டு வெளிவந்த முடிவுகள் பாடத்தை மேலும் சிக்கலாக்கின. தாடி ஓணான் எனப்படும் அவுஸ்திரேலியப் பிராணிக்கு மோபின் நோவைத் தணித்தது, பியூட்டோபனோல் தணிக்கவில்லை. சோளப்பாம்பு எனப்படும் அமெரிக்கப் பாம்பிலோ நிலைமை தலைகீழாயிற்று. பியூட்டோபனோல் பெருமளவிற் கொடுத்தபோது பயன் தெரிந்தது. மோபினாற் பயன் காணவில்லை. ஊர்வன என்னும் ஒரே பெயரின்கீழ் நாம் அடைத்து வைத்திருக்கும் உயிர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை இம்மருந்துகள் காட்டிக்கொடுத்தன. ஓராமைக்கு ஏற்றது ஒரு பாம்புக்கு ஏற்றதாகாது.

அன்றுவரை நல்லெண்ணத்தோடு பியூட்டோபனோல் கொடுத்த மிருக வைத்தியர்கள், மருந்து கொடுத்துவிட்டோம் என்ற மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பர். கூட்டினுள் ஆமையோ நோவோடு கிடந்திருக்கும். அன்பு மட்டும் போதாது. அன்புக்குக் கண் வேண்டும், அளவுகோல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது.

மோபினின் இடருக்கு மாற்றும் தேடப்பட்டது. திரமடோல் என்னும் மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்பட்டபோது செங்காது ஆமையின் நோவு நெடுநேரம் தணிந்ததென்றும், சுவாசத் தாழ்வு மோபினளவுக்கு இல்லையென்றும் 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அழற்சியைத் தணிக்கும் மெலொக்சிக்கம் என்னும் மருந்தும் இன்று பரவலாய்க் கையாளப்படுகின்றது. ஆனால், உடலில் நீர் வற்றிய பிராணிக்கு இவ்வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஆகவே முதலில் நீரூட்டி, அதன் பின்னரே அதனைக் கொடுத்தல் வேண்டும். வெட்டப்போகும் இடத்தை மரக்கச் செய்யும் லிடோகெயின் ஊசியும் சிறந்த துணை. சிறு பிராணிகளில் இதன் அளவு சிறிது மிகினும் நஞ்சாகுமாதலால், நிறையை நுட்பமாய் அளந்தே கொடுப்பர்.

ஊர்வனவற்றின் குருதியோட்டத்திலும் ஒரு புதுமை உண்டு. உடலின் பிற்பகுதியிலிருந்து திரும்பும் குருதியின் ஒரு கூறு, இதயத்தை அடையுமுன் சிறுநீரகத்தினூடு செல்லக்கூடும். பின்னங்காலில் ஏற்றிய மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தாற் கழிக்கப்படலாம். அன்றிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். ஆதலால் ஊசிமருந்தை உடலின் முற்பகுதியில் ஏற்றுவதே வழக்கம்.

மருந்தின் பின் வருவது பராமரிப்பு. இதிலே முதலிடம் வெப்பத்துக்கு உரியது. ஊர்வனவற்றின் உடல் தொழிற்படும் வேகத்தை நிருணயிப்பது சூழலின் வெப்பநிலையே. ஒவ்வோர் இனத்துக்கும் உகந்த வெப்ப எல்லை உண்டு. வெப்ப நாடுகளைச் சேர்ந்த பல இனங்களுக்கு அது ஏறத்தாழ 25 பாகைக்கும் 35 பாகை செல்சியசுக்கும் இடையில் அமைந்துள்ளது. அவ்வெல்லையில் வைத்தாலன்றி மருந்து செரிமானமாகாது, காயமும் ஆறாது. குளிர்ந்த சீமெந்துத் தரையிற் கிடக்கும் ஆமைக்குக் கொடுத்த மருந்து, எதிர்பார்த்த வேகத்தில் தொழிற்படும் என்று நம்ப முடியாது. ஆயினும், மயக்கம் விரைவில் தெளியட்டும் என்று எல்லை மீறிச் சூடேற்றுதலும் கேடு. சூடேறிய உடல் மிகுதியான ஒட்சிசனை வேண்டும்; மயக்கத்திலுள்ள பிராணியோ அந்த அளவுக்குச் சுவாசிக்காது.

சுவாசத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஊர்வனவற்றுக்கு மனிதருக்குள்ளதுபோன்ற பிரிமென்றகடு இல்லை. ஆமை விலாவை விரித்துச் சுவாசிக்கவும் இயலாது. விலா ஓட்டோடு ஒட்டியதன்றோ? தசைகளின் அசைவினாலேயே அது காற்றை உள்ளிழுக்கின்றது. மயக்கத்தில் அத்தசைகள் ஓய்ந்துவிடுமாதலால், தானாகச் சுவாசிக்கத் தொடங்கும் வரை மிருக வைத்தியரே குழாய் வழியாகக் காற்றூட்டவேண்டும். அப்போது தனி ஒட்சிசனை ஊட்டாது சாதாரண வளியை ஊட்டுதல் நன்று என்பர். ஒட்சிசன் மிகுந்தால் சுவாசிக்கும் தூண்டல் குன்றி, விழித்தெழுதல் தாமதமாகும். நீராமையை முற்றாகத் தெளியுமுன் நீரில் விட்டால் அது மூழ்கி இறக்கும். நீரிலே வாழ்வது நீரிலே மூழ்குமா என்று ஐயுறவேண்டா. ஆமைக்கும் நுரையீரலே சுவாச உறுப்பு.

இவற்றோடு அமைதியும் மறைவிடமும் வேண்டும். பார்க்க வருவோர் கூட்டைத் தட்டுவதும், பிள்ளைகள் தூக்கி விளையாடுவதும், நாயும் பூனையும் சுற்றி வருவதும் நோவை மிகுவிக்கும். மணலும் தூசும் காயத்திற் படாதபடி தூய கடதாசி விரித்தல் நலம். வயிறு திறக்கப்பட்ட பாம்புக்கு உடனே பெரிய இரை கொடுத்தால் தையல் பிரியும். சில நாட்கள் பொறுத்துச் சிறிய இரையிலிருந்து தொடங்கவேண்டும்.

காயம் ஆறுதலிலும் அவசரம் உதவாது. மனிதரின் தையலைப் பத்து நாளளவிற் பிரிக்கின்றோம். ஊர்வனவற்றின் தையல் பெரும்பாலும் ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை இருத்தல் வேண்டும். ஆமையின் ஓட்டு என்பு பொருந்துவதற்கு மாதங்கள் பல செல்லும். சிலவேளை ஓராண்டும் கடக்கும். ஆதலால் நோவைக் கவனித்தலும் ஓரிரு நாட்களோடு முடிந்துவிடும் கடமையன்று.

வீட்டிலே இத்தகைய பிராணியைப் பேணுவோர் நினைவிற் கொள்ளவேண்டியவை சில உள. மனிதருக்குரிய நோமாத்திரையை ஒரு துண்டு உடைத்து ஊட்டுதல் கூடவே கூடாது. அயல்வீட்டு நாய்க்குக் கொடுத்த மருந்தையும் கொடுக்கலாகாது. பாம்புக்கும் ஆமைக்குமே ஒரே மருந்து பயன்படாதபோது, நாயின் மருந்தை எங்ஙனம் நம்புவது? நிறை, உணவு, நடமாட்டம், உறக்கம் என்பவற்றை நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்து மிருக வைத்தியரிடம் காட்டுதல், அவருக்கு நூறு கேள்விகளை மிச்சப்படுத்தும். காட்டில் அல்லது கடற்கரையில் அடிபட்டுக் கிடக்கும் ஆமையைக் கண்டவர் தாமே சிகிச்சை செய்ய முற்படாமலும், கடலாமையாயின் அதனை உடனே கடலுக்குள் தள்ளாமலும், நிழல் செய்து, ஈரத்துணி போர்த்தி, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். மூக்கையும் வாயையும் துணி மூடாதிருக்கப் பார்த்தல் அவசியம்.

இவ்வளவு பாடு ஓர் ஆமைக்காகவா, பாம்புக்காகவா என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, பயன் நோக்கிய விடை. நோவோடு கிடக்கும் பிராணி உண்ணாது, உண்ணாதது மெலியும், மெலிந்ததன் காயம் ஆறாது. நோவைத் தணிக்காது செய்த சத்திரசிகிச்சை, எத்துணைத் திறமையாய்ச் செய்யப்படினும், பாதிச் சிகிச்சையே.

இரண்டாவது விடை, பயனைக் கடந்தது. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாய்க் கொள்ளாவிடத்து அறிவு பெற்றதால் ஆவது ஒன்றுமில்லை என்பது வள்ளுவர் நெஞ்சிற் கொண்ட கருத்து. அக்கருத்தைத் தமிழர் நெடுங்காலமாகப் போற்றி வந்தனர். ஆனால் போற்றிய அம்மக்கள் நடுவிலேயே உயிருள்ள ஆமை சந்தையிலே துண்டு துண்டாக விலைப்பட்டது. இரக்கம் இல்லாமையால் மட்டும் அது நிகழவில்லை. இரங்கவேண்டிய இடம் இதுவென்று தெரியாமையாலும் நிகழ்ந்தது. அந்தத் தெரியாமையையே இன்றைய விஞ்ஞானம் நீக்கியிருக்கின்றது. பாம்பு தன் உடலின் ஒரு பகுதியை மட்டும் வளைக்காது வைத்திருப்பதன் பொருளும், ஆமை வெயிலை நாடாது கிடப்பதன் பொருளும் இப்பொழுது தெரிந்துவிட்டன. இனிமேல் அவற்றைக் கண்டும் காணாதிருப்பின், அதற்கு அறியாமை என்று பெயரிட இயலாது.